நீங்கள் துடைத்த சிம்னிகள்

சித்தப்பா,

குளிர்கால ரயர்களை எடுக்கத்தான் கராஜுக்குப் போனேன். அவற்றுக்குப் பின்னால் உங்கள் பச்சைப் பை கிடந்தது. போன வருடம், நீங்கள் விழுந்த கர்க்லாண்ட் வீட்டுக்காரர் திருப்பித் தந்த பை. சித்தியின் கண்ணில் படக்கூடாது என்று நான்தான் அதை மூலைக்குத் தள்ளி, முன்னால் ரயர்களை அடுக்கி வைத்தேன். இழுத்த இழுவையில் சிப் திறந்துகொண்டது. கரி மணம் முகத்தில் அடித்தது. ஈரச் சாம்பலும் தாரும் கலந்த மணம். உங்கள் ஜக்கெட்டில், காரில், வேலை முடிந்து வந்து நீங்கள் தலை சாய்க்கும் சோபாவில் எல்லாம் இருந்த மணம்.

அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. ஒரு வருடமாக எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. உங்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. நீங்கள் இல்லாவிட்டாலும் அதைப் போட்டு முடிக்க வேண்டும்.

பைக்குள் கையுறை, தொப்பி, கயிறு. உடுப்புக் காயப்போடும் நீலக் கயிறு. அதன் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெட்டிய நுனி இல்லை. அறுந்த நுனி. நார் நாராகப் பிரிந்து கிடந்தது. அதில் ஒரு விளக்குமாறு கட்டியிருக்க வேண்டும். பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். விளக்குமாறு இல்லை.

கூரையில் பனி, சறுக்கிவிட்டது என்றுதான் இதுவரை எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அந்தக் கயிற்றைப் பார்த்த பிறகு நம்ப முடியவில்லை. விளக்குமாறு அந்த வீட்டுச் சிம்னியின் புகைக்குழாய்க்குள் இறுகியிருக்கிறது. நீங்கள் இழுத்திருக்கிறீர்கள். வரவில்லை என்றால் விட்டுவிட்டு இறங்கிற ஆளா நீங்கள்? மற்றவர்களின் வேலையைப் பாதியில் விடுவது உங்களுக்கு வெட்கம். முழுப் பலத்தையும் போட்டு இழுத்திருப்பீர்கள். கயிறு அறுந்திருக்கும். பின்னால் பிடிக்க ஒன்றும் இருந்திருக்காது.

உங்களை யார் சிம்னிக்காரர் ஆக்கியது என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த ஐஸ் மழைதான். மரங்கள் முறிந்து வயர்களில் விழுந்து எங்கள் வெஸ்ட் ஐலண்ட் பகுதி முழுக்கக் கரண்ட் போன நாட்கள். டொலார்ட்டில் கோயிலால் பழக்கமான ஒரு குடும்பம், குளிர் தாங்காமல், வீடு வாங்கிய நாளிலிருந்து தொடாத சுவர் அடுப்பில் விறகை வைத்து மூட்டியது. வீடு முழுக்கப் புகை. அவர்கள் தீயணைப்புக்குப் போன் அடிக்கவில்லை. உங்களுக்கு அடித்தார்கள். நீங்கள் போனீர்கள். குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தீர்கள். மேலே, புகை போகும் வாயில் இருந்த இரும்புக் கதவு மூடியிருந்தது. திறந்துவிட்டீர்கள். புகை மேலே போனது. அவ்வளவுதான் நீங்கள் செய்தது.

அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசையில் நீங்கள் சிம்னி நிபுணர். பாண் பக்டரியில் மாக் குழைக்கிற மெஷினோடு நிற்கிற மனுசன். வாழ்க்கையில் ஒரு சிம்னியின் உள்பக்கத்தை அன்றைக்குத்தான் முதல்முதல் பார்த்தீர்கள். அதை ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

பிறகு போன் வரத் தொடங்கியது. எல்லாப் போனும் ஒரே போன். "அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோவன்." இதில் எவ்வளவு தந்திரம் இருக்கிறது தெரியுமா? அண்ணை என்று கூப்பிட்டால் கூலி இல்லை. ஒருக்கா என்றால் வேலை இல்லை. பாருங்கோவன் என்றால் விழுந்தாலும் அது நீங்கள் பார்க்கப் போய் விழுந்தது. அவர்கள் நினைத்துக்கொண்டு சொல்வதில்லை, சரி. பழகிப்போய்விட்டது. ஆனால் வீட்டுக்கு முன்னால் இரண்டு கார் நிற்கிற ஆட்கள் சித்தப்பா. காரில் ஒரு கீறல் விழுந்தால் கொம்பனிக்குக் கொண்டு ஓடுகிற ஆட்கள். சிம்னிக்கு மட்டும் அண்ணை போதும். நீங்களும் காசு வாங்கமாட்டீர்கள். ஐஸ்கிரீம் டப்பாவில் இறைச்சிக்கறி கொண்டு வந்து, வெற்றிக்கோப்பை மாதிரி மேசையில் வைப்பீர்கள்.

தமிழ்க் கடையில் ஈர்க்கு விளக்குமாறு வாங்கி, கனத்துக்குக் கீழே ஒரு இரும்புத் துண்டைக் கட்டி, மேலே கயிற்றை முடிந்து கூரையிலிருந்து உள்ளே இறக்கி ஏற்றுவது. அதுதான் உங்கள் முறை. அதை எனக்குச் செய்து காட்டியபோது உங்கள் முகத்தில் இருந்த சந்தோசம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

"இரும்புப் பிரஸ் செங்கல்லை விறாண்டும் பிள்ளை. ஈர்க்கு பதமா எடுக்கும்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? தெரியாதே?"

"சித்தப்பா, இதுக்கெண்டு பழகின ஆக்கள் இருக்கினம். கமரா விட்டுப் பாப்பினம். மேல ஏறுறதுக்கு இடுப்பில பட்டி கட்டுவினம்."

"படிப்பை விட்டிட்டு வந்தவ, மற்ற ஆக்களின்ர படிப்பைப் பற்றிக் கதைக்கிறா பாருங்கோ."

"கதையை மாத்தாதேங்கோ."

"கமராவை விட்டு, அது வெடிச்சிருக்கு, இது உடைஞ்சிருக்கு எண்டு படம் காட்டுவாங்கள். சனம் பயந்து செத்துப்போகும்."

"உடைஞ்சிருந்தால் காட்டத்தானே வேணும்?"

"கரி எண்டால் கரிதான். தேய்ச்சால் போகும். நீ சாப்பிட்டியோ?"

எனக்குச் சூடு ஏறும்போதெல்லாம் நீங்கள் போடுகிற கேள்வி இது. சாப்பிட்டியோ. யுனிவர்சிட்டியை விட்டுவிட்டு நான் நடுவில் நின்றபோது, ரொறன்ரோவில் இருந்து அப்பா போனில் கத்தி வைத்த பிறகு, நீங்கள் பேஸ்மென்ற் அறையைத் துப்புரவாக்கித் தந்துவிட்டு இதைத்தான் கேட்டீர்கள். ஏன் விட்டாய், இனி என்ன செய்யப் போகிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரன்ட் கிச்சனில் வேலை எடுத்தபோது கத்தி வாங்கித் தந்தீர்கள். உங்களோடு கோபிக்கக் கஷ்டமாக இருப்பது இதனால்தான். கஷ்டம் என்பதற்காக நான் விடப்போவதில்லை.

கரி தேய்த்தால் போகும் என்றீர்களே. போகாது. நான் அப்போதே வாசித்துக் காட்டினேன். தூளாக இருப்பது போகும். ஈர விறகு எரிந்து, அந்தப் புகை குளிர்ந்து சுவரில் ஒட்டி, தார் மாதிரி இறுகிப் பளபளக்குமே, அது ஈர்க்குக்கு அசையாது. பிடித்து எரிவது அதுதான். நீங்கள் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு, "உதெல்லாம் வெள்ளைக்காரன்ர வீட்டுக்கு" என்றீர்கள். எல்லாம் வெள்ளைக்காரன் கட்டிய வீடுதான் சித்தப்பா.

கர்க்லாண்ட் குகன் அங்கிளின் கதைக்கு வருகிறேன். போன வருடம் அவருக்குப் பேரன் பிறந்தான். பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் படம் எடுக்க வருகிறவன், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும்போது பின்னால் அடுப்பு எரிந்தால் வடிவாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறான். அதற்காகத்தான் உங்களுக்குப் போன். வீட்டைச் சூடாக்க இல்லை. சமைக்க இல்லை. படத்துக்குப் பின்னால் எரிய. விடியப் பனி விழுந்த கூரையில், இரவு வேலை முடிந்து வந்து கண் மூடாமல், ஏணியைக் காரில் கட்டிக்கொண்டு போனீர்கள். கிச்சனில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது சித்தியின் போன் வந்தது. ஆஸ்பத்திரியில் நீங்கள் கண் திறக்கவே இல்லை.

செத்தவீட்டில் குகன் அங்கிள் என்ன சொன்னார் தெரியுமா? உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"நான் கூப்பிடேல்லை. சிம்னி ஒருக்காப் பாக்கவேணும் எண்டு சும்மா கதையோட கதையாச் சொன்னனான். அண்ணை தானாத்தான் வந்தவர். அவற்ர குணம் தெரியும்தானே."

எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் உங்களைப் பாட்டாகப் பாடியிருந்தார்கள். அழைத்த குரலுக்கு ஓடி வந்த அண்ணல் என்று ஒரு வரி. அதை வாசித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்தேன். சித்தி அதை சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நீங்கள் தானாக வந்தீர்கள் என்ற குகன் அங்கிளின் பொய்யையும் சித்தி நம்பினார். நம்பாவிட்டால் ஒரு படத்துக்காக நீங்கள் செத்தீர்கள் என்று வரும். தானாகப் போய், உதவி செய்யும்போது செத்தார் என்றால் அதைத் தாங்கலாம்.

சரி, இப்போதைய கதை. கயிற்றைப் பார்த்துவிட்டு மேலே வந்தேன். சித்தி உங்கள் ஆண்டுத்திவசத்துக்கு உளுந்து நனைய வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கனநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

"ரஞ்சி எடுத்தவ. திவசத்தண்டு பின்னேரம் எங்களை அங்கை வரட்டாம். அவர் கடைசியாத் துடைச்ச சிம்னிதானே, ஒரு வருசமா ஒருத்தரும் அதில நெருப்பு மூட்டேல்லையாம். அவற்ர நினைவா அண்டைக்கு மூட்டப்போகினமாம். என்னைத்தான் நெருப்புக்குச்சி தட்டச் சொன்னவ."

ரஞ்சி அன்ரி குகன் அங்கிளின் மனைவி. கெட்ட மனுசி இல்லை. உங்களுக்கு விளக்கு வைப்பதாக நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். அடைபட்ட சிம்னி. உள்ளே ஒரு வருடம் காய்ந்த ஈர்க்குக் கட்டு. கீழே நெருப்பு. மூட்டப் போவது சித்தி.

"சித்தி, அந்தச் சிம்னியில நெருப்பு வைக்கேலாது. விளக்குமாறு உள்ளுக்கை நிக்குது."

கயிற்றைக் காட்டினேன். சித்தி அதைத் தொடவில்லை.

"அவர் துடைச்சு முடிச்சிட்டுத்தான் விழுந்தவர்."

"ஆர் சொன்னது?"

"குகன் தம்பி சொன்னது."

"குகன் அங்கிள் சொன்னதெல்லாம் உண்மையோ?"

"என்னடி கதை இது? செத்த மனுசன்ர வேலையில பிழை பிடிக்க வந்திட்டியோ? உனக்கு இருக்க இடம் தந்த மனுசன்."

"அதுக்கும் சிம்னிக்கும் என்ன சித்தி?"

"அவற்ர நல்ல பேர் ஒண்டுதான் எனக்கு மிச்சம். அதையும் கிண்டிக் கொட்டு."

நீங்கள் இருந்திருந்தால் சாப்பிட்டியோ என்று கேட்டிருப்பீர்கள். நான் காரை எடுத்துக்கொண்டு கர்க்லாண்டுக்குப் போனேன்.

குகன் அங்கிள் கதவைத் திறந்தார். முதலில் சிரித்தார். விசயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"யுனிவர்சிட்டியே முடிக்கேல்லை. எனக்குச் சிம்னி படிப்பிக்க வந்திட்டா."

"முடிச்ச நீங்கள்தானே அங்கிள் பாண் பக்டரிக்காரரைக் கூரையில ஏத்தினனீங்கள்."

"வாயை அடக்கிக் கதை. நான் ஏத்தேல்லை."

"சரி, ஏறினார். இப்ப ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. ஒருக்காப் பாக்கட்டும்."

"தேவையில்லை."

"ஏன்?"

"அவங்கள் வந்தால் ரிப்போட் எழுதுவாங்கள். பேந்து இன்சூரன்ஸ்காரன், ஆர் ஏறினது, ஏன் ஏறினது, உன்ர வீட்டில ஏன் எண்டு..." சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்திவிட்டார். மனதில் இருந்தது வாயால் வந்துவிட்டது.

ரஞ்சி அன்ரி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். அவன் என் ஜக்கெட் சிப்பைப் பிடித்து இழுத்தான். உங்களைப் படத்துக்காகக் கொன்ற பிள்ளை என்று ஒரு வருடமாக அவனைப் பார்க்காமலே இருந்தேன். பார்த்தால் அவன் வெறும் பிள்ளை. வாயில் ஒரு பிஸ்கட்.

"அன்ரி, இவன் எங்கை படுக்கிறவன்?"

"மேல. அந்த..." அவர் கை உயர்ந்தது. அடுப்புக்கு நேரே மேலே இருக்கும் அறை. சிம்னி அந்த அறைச் சுவருக்குப் பின்னால்தான் போகிறது. தொட்டில் அந்தச் சுவரோடு. சூடாக இருக்கும் என்று வைத்திருக்கிறார்கள். அன்ரியின் கை அப்படியே நின்றது.

"ஆளை வரச்சொல்லு பிள்ளை."

"ரஞ்சி!"

"நீங்கள் பேசாம இருங்கோ."

இலையுதிர்காலத்தில் சிம்னிக்காரர்களைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லோரும் முதல் குளிர் வந்த பிறகுதான் சிம்னியை நினைக்கிறார்கள். கோடையில் கூப்பிட்டிருந்தால் உடனே வந்திருப்பார்களாம். ஒரு இடத்தில் யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொன்னதால், திவசத்துக்கு முந்தின நாள் வரச் சம்மதித்தார்கள்.

சித்தியிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். சால்வையை எடுத்துப் போர்த்தினார்.

"நானும் வாறன். அவர் வடிவாத் துடைச்சிருக்கிறார் எண்டு உன்ர முகத்துக்கு நேர சொல்லுறதைக் கேக்கவேணும்."

வந்தது ஒரு கெபெக் பெண். நாற்பது இருக்கும். வாயில் சுவிங்கம். வாசலில் ரஞ்சி அன்ரி பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் கையைக் காட்ட, அவள் சிரித்துவிட்டு, பூட்ஸின் மேலே துணி உறை மாட்டிக்கொண்டாள். அடுப்பைச் சுற்றி விரிப்பு விரித்தாள். புகை அலாரம் எங்கே என்று கேட்டாள். அன்ரி கிச்சன் லாச்சியை இழுத்துத் திறந்து எடுத்துக் கொடுத்தார். பட்டரி கழற்றியிருந்தது. பொரிக்கும்போது கத்துகிறதாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு அலாரம் எங்கே என்றாள். அப்படி ஒன்று அந்த வீட்டில் இல்லை. அந்த வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, நித்திரையில் இருப்பவர்கள் எழும்பமாட்டார்கள் என்று பிரெஞ்சில் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன்.

பிறகு கூரைக்கு ஏறினாள். ஏறுவதற்கு முதல் இடுப்பில் பட்டியைக் கட்டி, கயிற்றைக் கொழுவி, தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொருமுறை இழுத்துப் பார்த்தாள். நான் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு பட்டி சித்தப்பா. அந்தப் பட்டியை நீங்கள் ஒருநாளும் கட்டியதில்லை. ஒருவரும் கட்டச் சொன்னதுமில்லை. சிம்னியின் மூடியைக் காணவில்லை என்று மேலிருந்து கத்தினாள். அது பூப்பாத்திக்குள் கிடந்தது. நீங்கள் கழற்றி வைத்தது. ஒரு வருட மழையும் இலையும் உள்ளே போயிருக்கிறது.

கீழே வந்து நீளக் கம்பியில் கமராவை மாட்டி அடுப்பின் வழியே மேலே விட்டாள். சின்னத் திரையைத் தரையில் வைத்தாள். நாங்கள் நாலு பேரும் குனிந்து பார்த்தோம். சுவர் முழுக்கக் கறுப்பு, ஈரத் தார் மாதிரிப் பளபளப்பு. செங்கல்லுக்கு நடுவில் ஒரு நீள வெடிப்பு. அதற்கு மேலே, சிம்னி வளைகிற இடத்தில், குறுக்காக ஒரு கட்டு. இலைகள் அதில் சிக்கி வழி அடைத்துப்போயிருந்தது.

இது என்ன என்று அவள் கேட்டாள். குருவிக் கூடோ என்றாள்.

சித்திதான் திரைக்குக் கிட்டப் போனார். கட்டின் கழுத்தைச் சுற்றி ஒரு துணி தெரிந்தது. மஞ்சள் கரை.

"அது என்ர சீலை," என்றார் சித்தி. "கட்ட ஒரு துண்டு தா எண்டு கேட்டவர். நான்தான் கிழிச்சுக் குடுத்தனான்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இது சிம்னி துடைக்க இறக்கிய விளக்குமாறு, இதை இறக்கிக் கூரையிலிருந்து விழுந்து செத்தவர் இவருடைய கணவர் என்று சொன்னேன். அவள் சுவிங்கத்தை மெல்வதை நிறுத்தினாள். நாளைக்கு இதில் நெருப்பு மூட்ட இருந்தார்கள் என்றும் சொன்னேன். அவள் மெதுவாகச் சொன்னாள். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழாக்கினேன். புகை வெளியே போக வழியில்லை, வீட்டுக்குள் திரும்பும். அந்தக் கட்டு பிடிக்கும். கட்டிலிருந்து தார் பிடிக்கும். தார் எரிந்தால் செங்கல் வெடிக்கிற சூடு. வெடிப்பு ஏற்கெனவே இருக்கிறது. அது மேல் அறையின் உயரத்தில் இருக்கிறது.

ரஞ்சி அன்ரி மாடிக்கு ஓடினார். தொட்டிலை இழுக்கும் சத்தம் மேலே கேட்டது.

குகன் அங்கிள் சோபாவின் நுனியில் இருந்தார். சித்தி அவருக்கு முன்னால் போய் நின்றார். சித்தி யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். என்ர மனுசன் தானா வந்தவரோ, நீங்கள் கூப்பிட்டனீங்களோ?"

"அக்கா, அண்டைக்கு..."

"வந்தவரோ, கூப்பிட்டனீங்களோ?"

அவர் விரிப்பைப் பார்த்தார். அந்தக் கெபெக் பெண்ணைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் கூப்பிட்டனான் அக்கா. முதல் நாள் ஏலாது, களைப்பா இருக்கு எண்டவர். நான்தான் திரும்ப எடுத்தனான்."

ஏலாது என்று சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது தெரியாது. ஒருநாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கிறீர்கள். பிறகு ஏன் போனீர்கள்? இரண்டாம் தரம் அண்ணை என்றதும் ஏன் ஏணியை எடுத்தீர்கள்? இதுதான் எனக்கு உங்களோடு இருக்கிற சண்டை. மற்றதெல்லாம் அவர்களோடு.

சித்தி அடிக்கவில்லை, கத்தவில்லை. "நாளைக்கு ஒருத்தரும் நெருப்பு வைக்காதேங்கோ. இந்தப் பெட்டை சொல்லுறபடி எல்லாத்தையும் திருத்துங்கோ. என்ர மனுசன்ர பேரை ரிப்போட்டில எழுதட்டும். அவர் இஞ்சை விழுந்தவர்தானே," என்றார். காரில் வரும்போது, டொலார்ட் திரும்பும் சந்தியில், "இன்னும் எத்தினை வீட்டில துடைச்சவர்?" என்று கேட்டார்.

"கன வீடு சித்தி."

"ஆர் ஆர் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"உங்களுக்குத்தான் தெரியும். கறி வந்த வீடெல்லாம்."

திவசம் முடிந்தது. ஐயர் போனார், படைத்தோம், வந்தவர்கள் சாப்பிட்டார்கள். அவர்கள் போன பின்னேரம் சித்தி குசினி மேசையில் இருந்து போனை எடுத்தார். டப்பாக்களை ஞாபகம் வைத்து ஒவ்வொரு வீடாக அடித்தார். நண்டுக்கறி வீடு. ரொட்டி வீடு. சர்க்கரை கூடின பொங்கல் வீடு. நான் பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்டேன்.

"நான்தான் கதைக்கிறன். ஓம், திவசம் நல்லா நடந்தது. ஒரு விசயம். உங்கட சிம்னி அவர் துடைச்சதுதானே. அது சரியில்லை. ஒரு முறையான ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. காட்டும்வரைக்கும் நெருப்பு வைக்காதேங்கோ."

மற்றப் பக்கத்தில் யாரோ பதறுவது எனக்கே கேட்டது. அப்படிச் சொல்லாதேங்கோ அக்கா, அண்ணை எவ்வளவு தங்கமான மனுசன்.

"தங்கமான மனுசன்தான்," என்றார் சித்தி. "சிம்னி துடைக்கத் தெரியாது."

போனை வைத்தார். மூக்கைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். அடுத்த வீட்டுக்கு அடித்தார். அதே வசனம். இன்னொரு வீடு. அதே வசனம். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. சில பேர் கோபித்து வைத்தார்கள். ஒருவர், அப்ப நீங்கள் ஒருக்கா உங்கட பிள்ளையை அனுப்புங்கோவன், அவள் பாக்கட்டும் என்றார். சித்தி போனை என்னிடம் நீட்டினார்.

"ஏலாது அங்கிள்," என்றேன். "நம்பர் தாறன், ஆளைக் கூப்பிடுங்கோ." அவர் திரும்பக் கேட்டார். நான் திரும்பச் சொன்னேன்.

உங்களுக்கு ஒருதரம் சொல்லத் தெரிந்த சொல் சித்தப்பா. அதை இரண்டாம் தரமும் சொல்கிற வேலையை இப்போது நான் வைத்திருக்கிறேன். சொல்லும் ஒவ்வொரு முறையும் உங்கள்மேல் கோபம் வருகிறது. வரட்டும். அது ஆறிப்போனால் நானும் ஒருநாள் யாருக்காவது ஏணியைக் கட்டிக்கொண்டு போய்விடுவேன்.